ரோட்டரி எஞ்சின் நின்றுவிட்டால்: 13பி வைத்த கிட் விமானத்தைச் சறுக்கவிட்டு இறக்குவது

கேள்வி சுருக்கமாக இது: அமெரிக்காவில் ஒருவர் ஆர்வி-7 என்ற, வீட்டில் கட்டும் விமானக் கிட்டில், வழக்கமான லைகமிங் பிஸ்டன் எஞ்சினுக்குப் பதில் மாஸ்டா காரின் 13பி ரோட்டரி எஞ்சினும், அதன் சுற்றைக் குறைத்து ப்ரொப்பெல்லருக்குக் கொடுக்கும் 2.85:1 கியர்பாக்ஸும் வைத்துக் கட்டி, முதல் பறப்புக்குத் தயாராகிறார். எஞ்சின் நின்றால், லைகமிங் வைத்த அதே விமானத்துக்குச் சொல்லப்படும் சறுக்கு எண்களை நம்பலாமா? ப்ரொப்பெல்லர் காற்றில் தானே சுற்றிக்கொண்டிருப்பது நல்லதா, நின்றுவிடுவது நல்லதா? மறுபடி கிளப்ப என்ன வரிசை?

முதல் கேள்விக்குப் பதில்: நம்பக்கூடாது. அந்த எண் வேறொருவருடைய விமானத்தின் எண். இரண்டாவதற்கு: நிலையான பிட்ச் (பிளேடின் கோணம் மாறாத) ப்ரொப்பெல்லர் என்றால் பெரும்பாலும் நின்றுவிடுவதே நல்லது, ஆனால் அதை நிறுத்துவதற்காக உயரத்தைச் செலவழிப்பது எல்லா நேரத்திலும் நல்லதல்ல. மூன்றாவதற்கு விடை உங்கள் மின்சுற்றில் இருக்கிறது. கீழே விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு குழப்பத்தை முதலில் விலக்கிவிடலாம். முதல் உலகப் போர்க்கால விமானங்களில் வந்த நோம், லெ ரோன் எஞ்சின்களையும் ரோட்டரி என்றுதான் சொல்வார்கள். அவற்றில் சிலிண்டர்கள் எல்லாம் ப்ரொப்பெல்லரோடு சேர்ந்தே சுற்றும். நாம் பேசுவது ஃபெலிக்ஸ் வாங்கல் வழிவந்த, முக்கோணச் சுழலி கொண்ட எஞ்சின். இரண்டுக்கும் பெயரைத் தவிர உறவில்லை.

எது நிற்கும், எது நிற்காது

13பியில் இரண்டு சுழலிகள். ஒவ்வொன்றின் அறையும் 654 சிசி. மொத்தம் 1,308 சிசி. சுழலி ஒரு சுற்று வருவதற்குள், அது திருப்பும் எக்சென்ட்ரிக் தண்டு மூன்று சுற்று வந்துவிடும். வால்வு இல்லை, கனெக்டிங் ராடு இல்லை, கேம் தண்டு இல்லை. அதனால் பிஸ்டன் எஞ்சினில் நடப்பதுபோல ராடு உடைந்து உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் காட்சி இங்கே கிடையாது. ஏப்பெக்ஸ் சீல் (சுழலியின் முனையில் இருக்கும் அடைப்புப் பட்டை) ஒன்று உடைந்தால் அதன் இரு பக்கத்து அறைகளும் அழுத்தத்தை இழக்கும். பவர் குறையும், எஞ்சின் குலுங்கும், ஆனாலும் அடுத்த சுழலி இழுத்துக்கொண்டிருக்கும். குளிர்நீர் போய்விட்டாலும் இந்த எஞ்சின் உடனே இறுகிவிடுவதில்லை. அலுமினிய உறை வளைந்து, நீர் சீல்கள் வெந்து, எஞ்சின் பாழாகும்; ஆனால் குறைந்த பவரில் சில நிமிடங்கள் கொடுத்துவிட்டுத்தான் பாழாகும்.

ஆகவே வீட்டில் கட்டிய ரோட்டரி விமானத்தில் ப்ரொப்பெல்லர் நிற்கிறது என்றால், சந்தேகம் முதலில் போக வேண்டியது எஞ்சினைச் சுற்றி நீங்களே கட்டியவற்றின் மேல். எரிபொருள் பம்ப், அதன் ஃப்யூஸ், ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), தண்டின் சுற்றை அதற்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின் கனெக்டர், காயிலுக்குப் போகும் ஒற்றை எர்த் கம்பி, ஹோஸ் கிளிப், ரேடியேட்டர் இணைப்பு, கியர்பாக்ஸ். லைகமிங்கில் இரண்டு மேக்னெட்டோக்கள் உண்டு. விமானத்தின் பேட்டரி செத்துப்போனாலும் அவை பாட்டுக்குத் தீப்பொறி கொடுக்கும். 13பியில் தீப்பொறி, இன்ஜெக்டர், பம்ப் மூன்றும் மின்சாரத்தை நம்பியவை. மின்சாரம் போனால் அடுத்த சில விநாடிகளில் நீங்கள் ஒரு கிளைடர் ஓட்டுநர்.

இதில் ஒரு ஆறுதலும் உண்டு. இப்படி நின்ற எஞ்சினில் உடைந்தது எதுவும் இருக்காது, எனவே காற்றிலேயே மறுபடி கிளம்ப நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் சுவிட்சுகளை அதற்கேற்ப அமைத்திருக்க வேண்டும்.

சுற்றும் ப்ரொப்பெல்லர் தின்னும் உயரம்

எஞ்சின் எரியாதபோது காற்று ப்ரொப்பெல்லரைச் சுற்றுகிறது, ப்ரொப்பெல்லர் எஞ்சினைச் சுற்றுகிறது. அந்தச் சுற்றலுக்கான சக்தி உங்கள் உயரத்திலிருந்து வருகிறது. கியர்பாக்ஸ் இருக்கும்போது இந்தக் கணக்கு லைகமிங்கிலிருந்து மாறுபடும்.

உதாரணத்துக்கு, எரியாத எஞ்சினைத் திருப்ப அதன் தண்டில் 20 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைவிடக் குறைந்த 2.17:1 விகிதமுள்ள கியரில் ப்ரொப்பெல்லர் கொடுக்க வேண்டியது சுமார் 43, 2.85:1 கியரில் 57. ப்ரொப்பெல்லர் 900 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 900 சுற்று) காற்றில் சுற்றினால், 2.85 கியரில் எஞ்சின் 2,565 ஆர்பிஎம்மில் ஓடும். 20 நியூட்டன் மீட்டரை அந்த வேகத்தால் பெருக்கினால் 5.4 கிலோவாட், அதாவது 7 குதிரைத்திறன் சொச்சம். 1,600 பவுண்டு எடையுள்ள விமானத்துக்கு அந்த 7 குதிரைத்திறன் மட்டுமே நிமிடத்துக்குச் சுமார் 145 அடி இறக்கம். ப்ரொப்பெல்லர் நல்ல காற்றாலை அல்ல, அது காற்றிலிருந்து எடுப்பதில் பாதியை வீணாக்கும் என்றால் 290 அடி. இவ்வளவும் உடலும் இறக்கையும் உண்டாக்கும் இழுவைக்கு மேல் கூடுதலாக வருவது.

இதே கியர் விகிதம் வேறொரு பக்கம் உதவவும் செய்கிறது. திருப்ப இவ்வளவு முறுக்கு தேவைப்படுவதால், வேகம் குறையும்போது ப்ரொப்பெல்லர் சீக்கிரமே தோற்று நின்றுவிடும். நேரடி இணைப்புள்ள எஞ்சினில் ஸ்டால் வேகத்துக்கு (இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும் வேகம்) அருகே போனால்தான் நிற்கும் ப்ரொப்பெல்லர், உயர்ந்த குறைப்பு விகிதத்தில் சிறந்த சறுக்கு வேகத்திலேயே (அதிக தூரம் கொடுக்கும் வேகம்) நின்றுபோகலாம். எந்த வேகத்தில் நிற்கும் என்பது உங்கள் பிளேடின் பிட்ச், கியர் விகிதம், சீல்களின் இறுக்கம், எண்ணெயின் சூடு ஆகியவற்றைப் பொறுத்தது. அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நின்ற ப்ரொப்பெல்லருக்கு ஒரு விலை உண்டு: ஆல்டர்னேட்டர், நீர் பம்ப், எண்ணெய் பம்ப் எல்லாம் அதோடு நின்றுவிடும். ப்ரொப்பெல்லர் 900இல் சுற்றும்வரை எஞ்சின் 2,500க்கு மேல் ஓடுவதால் ஆல்டர்னேட்டர் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆகவே எஞ்சினை மீட்க முயலும்போது சுற்றட்டும். மீட்க வழியில்லை, தரையிறங்குவதுதான் என்று முடிவான பிறகு, உயரம் மிச்சமிருந்தால் நிறுத்தலாம். 2,000 அடிக்குக் கீழே ப்ரொப்பெல்லரை நிறுத்துவதற்காக மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொல்ல வேண்டாம். அதில் போகும் உயரம் திரும்பி வராது. ஸ்டாலுக்குப் பக்கத்தில் போய் நிற்கும் ஆபத்து தனி.

மாறும் பிட்ச் ப்ரொப்பெல்லர் என்றால் கதையே வேறு. பிட்சை முழுக்க முரட்டு நிலைக்கு (பிளேடின் கோணம் மிக அதிகமான நிலை) கொண்டுபோனால் இழுவை கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும். ஒற்றை எஞ்சின் விமானங்களில் வழக்கமான ஹைட்ராலிக் வகையில் எண்ணெய் அழுத்தம் போனால் பிளேடு தானாக நுண்பிட்சுக்குப் போய்விடும், அதாவது கோணம் குறைந்த, இழுவை அதிகமான நிலைக்கு. மின்சார வகையில் பிளேடு இருந்த இடத்திலேயே நிற்கும். பேட்டரி இருந்தால் முரட்டுப் பிட்சுக்கு ஓட்டலாம், ஆனால் அதற்குச் சில விநாடிகள் ஆகும். ரோட்டரிக்கு இந்த மின்சார வகை பொருத்தம் என்பது என் கருத்து.

ஐடில் என்பது நின்ற எஞ்சின் அல்ல

பயிற்சியில் எல்லோரும் செய்வது த்ராட்டிலை மூடி, எஞ்சின் ஐடிலில் (மிகக் குறைந்த சுற்றில்) ஓட இறங்கிப் பார்ப்பது. அந்த எண்ணை எஞ்சின் நின்றபோது கிடைக்கும் எண்ணாக எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான், எந்தத் திசையில் என்பது விமானத்துக்கு விமானம் மாறும். 80 அங்குலப் பிட்ச் உள்ள, அதாவது ஒரு சுற்றில் 80 அங்குலம் முன்னே போகும், நிலையான ப்ரொப்பெல்லரை எடுத்துக்கொள்ளுங்கள். 80 நாட் என்பது விநாடிக்கு 1,620 அங்குலம். வழுக்கல் இல்லாமல் காற்றில் திருகிப் போக அது விநாடிக்கு 20 சுற்று, நிமிடத்துக்கு 1,215 சுற்று சுற்ற வேண்டும். 2.85 கியரில் எஞ்சின் சுமார் 3,460 ஆர்பிஎம், 2.17 கியரில் 2,640. ஏறக்குறைய அந்த இடத்தில்தான் ப்ரொப்பெல்லர் இழுக்கவும் செய்யாது, தடுக்கவும் செய்யாது. அதற்குக் கீழே த்ராட்டிலை மூடினால் ப்ரொப்பெல்லர் பிரேக்காக வேலை செய்கிறது. நின்ற ப்ரொப்பெல்லரின் இழுவை பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கும்.

நடைமுறைக்கு இதன் பயன்: ஒரே ஒருமுறை நின்ற ப்ரொப்பெல்லரோடு இறக்க வேகத்தை அளந்துவிடுங்கள். பிறகு அதே வேகத்தில் அதே இறக்கத்தைக் கொடுக்கும் ஆர்பிஎம் எது என்று கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் பயிற்சிக்கெல்லாம் எஞ்சினை நிறுத்தவே வேண்டாம். அந்த ஆர்பிஎம்மை வைத்தால் போதும்.

ரோட்டரியில் இந்தப் பயிற்சியை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம் என்பது பெரிய வசதி. காற்றால் குளிரும் சிலிண்டர்களில் பவரைத் திடீரென மூடி நீண்ட நேரம் இறங்கத் தயங்குவார்கள், தலைப்பகுதி விரிசல் விடுமோ என்று. இங்கே நீரும் எண்ணெயும் சூட்டைச் சமன் செய்துவிடும். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஐடிலை மிகத் தாழ்த்தி வைத்தால் கியர்பாக்ஸ் பற்கள் முன்னும் பின்னும் தட்டிக்கொள்ளும்; கியர்பாக்ஸ் வைத்தவர்கள் ஐடிலை 1,500க்கு மேல் வைப்பது இதற்காகத்தான். இன்னொன்று, மூடிய த்ராட்டிலில் எரிந்த புகை உள்ளிழுப்போடு கலப்பதால் ரோட்டரி தடுமாறும். ஐடில் கலவையைத் தரையில் மட்டும் சரிபார்த்துவிட்டு, காற்று ப்ரொப்பெல்லரைத் தள்ளும் நிலையில் சரிபார்க்காமல் விட்டால், நீண்ட இறக்கத்தின் முடிவில் த்ராட்டிலைத் திறக்கும்போது எஞ்சின் இருமும், சில சமயம் நின்றும் போகும். முதல் சில இறக்கங்களில் ஒவ்வொரு 500 அடிக்கும் த்ராட்டிலை ஒருமுறை திறந்து பாருங்கள்.

அளக்கும் முறை

அமெரிக்காவில் சான்று பெறாத எஞ்சின் வைத்த கிட் விமானத்துக்கு முதற்கட்டச் சோதனைப் பறப்பு வழக்கமாக 40 மணி நேரம். அந்த நேரத்தை வட்டமடித்துக் கழிக்காமல் இந்த எண்களுக்குச் செலவிடுங்கள்.

காற்று அசையாத விடியற்காலை வேண்டும். எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓடுபாதைக்கு மேலேயே, அதன் சறுக்கு எல்லையை விட்டு வெளியே போகாமல், 7,000 அடிக்கு ஏறுங்கள். 5,000 அடியிலிருந்து 4,000 அடிக்கு இறங்க எத்தனை விநாடி என்று 70, 75, 80, 85, 90, 95 நாட்டுகளில் எடுங்கள். வேகத்தை 5,500 அடியிலேயே நிலைப்படுத்திவிட வேண்டும். கடிகாரத்தை அழுத்தியபின் மூக்கை ஆட்டினால் அந்தப் பதிவு வீண். ஒவ்வொரு வேகத்துக்கும் எதிரெதிர்த் திசைகளில் இரண்டு முறை.

கணக்கு இப்படி: வேகமானி காட்டும் 80 நாட் 4,500 அடியில் சாதாரண வெப்பத்தில் சுமார் 85.5 நாட் உண்மை வேகம். ஒரு நாட் என்பது நிமிடத்துக்கு 101.3 அடி, ஆக 8,660 அடி. ஆயிரம் அடி இறங்க 66 விநாடி ஆனால் இறக்கம் நிமிடத்துக்கு 909 அடி. வகுத்தால் 9.5. ஓர் அடி இறங்கினால் ஒன்பதரை அடி முன்னே போகிறீர்கள். இந்த விகிதம் உச்சமாக வரும் வேகமே உங்கள் சிறந்த சறுக்கு வேகம். இங்கே 80 என்பது கணக்குக்காக எடுத்த எண். உங்களுடையது வேறாக இருக்கும்.

எடை குறைந்தால் அந்த வேகமும் குறையும், எடையின் வர்க்கமூலம் போல. 1,600 பவுண்டில் 80 நாட் என்றால் 1,400 பவுண்டில் 75. எதிர்காற்று இருந்தால் அதன் வேகத்தில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கௌல் ஃப்ளாப் (எஞ்சின் மூடியிலிருந்து குளிர்காற்று வெளியேறும் வழியின் மடல்) இருந்தால் திறந்தும் மூடியும் அளந்து பாருங்கள். ரேடியேட்டர், எண்ணெய் கூலர் இரண்டுக்கும் காற்றைக் கொடுக்கும் குழாய்கள் ரோட்டரி விமானத்தின் இழுவையில் நல்ல பங்கு வகிப்பவை. நீரும் எண்ணெயும் சேர்ந்து எஞ்சினிலிருந்து எடுக்கும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் வழியாக வெளியேறுவதால், எண்ணெய் கூலரும் பெரிதாகத்தான் இருக்கும். எஞ்சின் நின்றபின் அந்தக் குளிர்ச்சி யாருக்கும் வேண்டாம். மூடிவிட்டால் அது இனாமாகக் கிடைக்கும் தூரம்.

நின்ற ப்ரொப்பெல்லர் சோதனையைக் கடைசியாக வையுங்கள். சூடான எஞ்சின் ஸ்டார்ட்டரில் உடனே கிளம்புகிறது என்பதைத் தரையில் பத்து முறையாவது உறுதி செய்யாமல் இதைத் தொடவே கூடாது. நீண்ட ஓடுபாதைக்கு மேலே 6,000 அடிக்குக் குறையாமல் இருங்கள். நிறுத்தும்போது இன்ஜெக்டரை அணையுங்கள், தீப்பொறியை அல்ல. தீப்பொறியை மட்டும் அணைத்தால் இன்ஜெக்டர்கள் கிராங்க் சென்சார் சொல்படி பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். அது சீல்களின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும், சைலன்சரிலும் போய்த் தேங்கும். பிறகு தீப்பொறி வந்ததும் சைலன்சரில் வெடிக்கும். 3,000 அடிக்குள் எஞ்சின் கிளம்பவில்லை என்றால் அதற்குமேல் முயலாமல், நின்ற எஞ்சினோடு இறங்குவது என்று முன்பே முடிவு செய்துவிட்டுப் போங்கள். கனார்டு வகை (சிறிய இறக்கை முன்னால் உள்ள) விமானங்களில் ப்ரொப்பெல்லர் நிற்கும் வேகத்துக்கு முன்பே முன்னிறக்கை ஸ்டால் ஆகி மூக்கு குதிக்கத் தொடங்கலாம். அப்படியானால் அந்தச் சோதனையை விட்டுவிடுங்கள்.

நின்றதும் செய்ய வேண்டியவை

மூக்கை இறக்கி, சறுக்கு வேகத்தைப் பிடித்து, கை அழுத்தாமலே அது நிற்கும்படி ட்ரிம் செய்யுங்கள். இறங்கக்கூடிய இடத்தை நோக்கித் திரும்புங்கள். இவை முடிந்தபிறகுதான் சுவிட்சுகள்.

முதலில் டாங்க் மாற்றுங்கள், இரண்டு பம்புகளையும் போடுங்கள். அடுத்து மாற்று ஈசியு. அடுத்து இரண்டு தீப்பொறி வரிசைகளும். 13பியில் ஒவ்வொரு சுழலிக்கும் இரண்டு ப்ளக். முன்வரிசையில்லாமல் பின்வரிசை மட்டும் எரிந்தால் பவர் குறையும், ஆனால் பறக்கும். முன்வரிசை மட்டும் எரிந்தால் வித்தியாசம் சொற்பமே. இன்ஜெக்டர்களும் இரண்டு தொகுதி. ஒரு தொகுதி திறந்தபடி மாட்டிக்கொண்டு கலவை கனத்திருந்தால் அதை மட்டும் அணைக்க ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும். த்ராட்டில் மூன்றில் ஒரு பங்கு.

இவ்வளவுக்கும் எழும்பவில்லை என்றால் எஞ்சின் பெட்ரோலில் ஊறியிருக்கலாம். இன்ஜெக்டர்களை அணைத்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து நான்கு விநாடி விடுங்கள். காற்றில் சுற்றும் ப்ரொப்பெல்லரே அறைகளைக் காயவைக்கும். ப்ரொப்பெல்லர் நின்றிருந்தால் அந்த வேலையை ஸ்டார்ட்டர் செய்யட்டும். பிறகு த்ராட்டிலைக் குறைத்து இன்ஜெக்டர்களைப் போடுங்கள். நின்ற ப்ரொப்பெல்லரைச் சுழற்ற மூக்கைக் குத்தி வேகம் ஏற்ற வேண்டாம், 2.85 கியரில் அதற்குத் தேவைப்படும் உயரம் உங்களிடம் இருக்காது. ஸ்டார்ட்டர் இருக்கிறது, அதை அழுத்துங்கள்.

சற்று நேரம் நின்றிருந்த சூடான எஞ்சினில் எரிபொருள் ரெயிலுக்குள் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) ஆவி கட்டும். எத்தனால் கலந்த கார் பெட்ரோலில் இது சீக்கிரம் நடக்கும். பம்புகளை அரை நிமிடம் ஓடவிட்டால் திரும்பு குழாய் வழியாக ஆவி டாங்குக்குப் போய்விடும். அந்தத் திரும்பு குழாய் எந்த டாங்கிலிருந்து எடுக்கிறீர்களோ அதற்கே திரும்ப வேண்டும். எப்போதும் இடது டாங்குக்கே திரும்புவதுபோல் கட்டி, வலது டாங்கில் பறந்தால், இடது நிரம்பி வெளியே வழிய, வலது காலியாகும். அதற்கு இரட்டை வழி வால்வு வேண்டும். விலைக்குப் பார்த்து அதைத் தவிர்க்காதீர்கள்.

ஆர்பிஎம் திடீரென எகிறி இழுவை இல்லாமல் போனால் அது எஞ்சின் கோளாறு அல்ல, கியர்பாக்ஸ் விட்டுவிட்டது. த்ராட்டிலை உடனே மூடுங்கள். அதற்குப்பின் ப்ரொப்பெல்லர் எஞ்சினோடு தொடர்பில்லாமல் தன் போக்கில் சுற்றும், அளந்து வைத்த எந்த எண்ணும் அப்படியே பொருந்தாது. ஓடுபாதைக்கு நெருக்கமாகவே இருங்கள். வெள்ளை நீராவியும் இனிப்பு வாடையும் குளிர்நீர்க் கசிவு: எஞ்சின் இன்னும் ஓடுகிறது என்றால் அணைக்காதீர்கள், பவரைக் குறைத்து அருகிலுள்ள ஓடுபாதைக்குப் போங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டுப் பறப்பவர்கள் 13பியின் பைபாஸ் துளையை அடைக்க மறந்துவிட்டு, வெயில் நாளின் ஏற்றத்தில் இப்படி மாட்டிக்கொள்வதுண்டு. தெர்மோஸ்டாட் திறக்கும்போது அந்தத் துளையை மூடுவதும் அதுதான். அது இல்லையென்றால் நீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே சுற்றிவரும்.

தரையிலிருந்து 1,000 அடிக்குக் கீழே சுவிட்சுகளை மறந்துவிடுங்கள்.

ஏறும்போது நின்றால்

ஓடுபாதைக்குத் திரும்பலாமா என்பதைக் கணக்கே சொல்லும். 80 நாட்டில் 45 டிகிரி சாய்வில் திருப்பத்தின் ஆரம் சுமார் 173 மீட்டர். 180 டிகிரி திரும்பினால் ஓடுபாதைக்கு இணையாக, 345 மீட்டர் தள்ளி இருப்பீர்கள். நேர்கோட்டுக்கு வர மேலும் உள்ளே திரும்பி, மறுபடி எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். மொத்தம் 260 டிகிரி என்று கொள்ளலாம். விநாடிக்கு 13.6 டிகிரி வீதம் 19 விநாடி. சமநிலையில் நிமிடத்துக்கு 850 அடி இறங்கும் விமானம் அந்தச் சாய்வில் ஏறக்குறைய 1,280 அடி வேகத்தில் இறங்கும். ஆகத் திருப்பத்துக்கு மட்டும் 400 அடி. திகைத்து நிற்கும் நான்கைந்து விநாடிகள், மூக்கை இறக்குவது, நடுவே வரும் நேர்ப்பகுதி, கடைசியில் சமன் செய்வது எல்லாம் சேர்ந்தால் 600க்கு மேல். அதுவும் பிசிறில்லாமல் செய்தால். 45 டிகிரியில் ஸ்டால் வேகம் 19 சதவீதம் கூடியிருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இதை 4,000 அடியில், அதை ஓடுபாதை மட்டம் என்று வைத்துக்கொண்டு செய்து பாருங்கள். ஐந்து விநாடி சும்மா இருந்துவிட்டுத் திரும்ப வேண்டும். வரும் எண்ணோடு பாதியைக் கூட்டினால் அதுவே உங்கள் எல்லை. பெரும்பாலும் 900, 1,000 அடிக்கு அருகே வரும். அதற்குக் கீழே நின்றால் நேராக முன்னால், இருபக்கமும் 30 டிகிரிக்குள் கிடைப்பதில் இறங்குவதுதான் வழி. பேனலில் அந்த உயரத்தை ஒரு சீட்டில் எழுதி ஒட்டி, ஓடத் தொடங்கும் முன் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

உயரத்தில் நின்றால் ஓடுபாதைக்கு மேலே வந்து வட்டமாக இறங்குவது எளிது. 30 டிகிரி சாய்வில் ஒரு முழு வட்டத்துக்கு 46 விநாடி, சுமார் 760 அடி. காற்று, நேர்ப்பகுதிகள் எல்லாம் சேர்த்து, ஓடுபாதை முனைக்கு மேலே 1,500 அடியில் வந்தால் ஒரு வட்டத்தில் இறங்கிவிடலாம்; எதிர்ப்பக்கம் முனைக்கு நேரே வரும்போது அதில் பாதிக்குச் சற்று அதிகம் இருக்க வேண்டும். குறி வைப்பது ஓடுபாதையின் முனையை அல்ல, மூன்றில் ஒரு பங்கு உள்ளே. மிஞ்சிய உயரத்தை ஃப்ளாப்பாலும் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) சைடுஸ்லிப்பாலும் (விமானத்தைப் பக்கவாட்டில் சரித்து இறக்குவது) கரைக்கலாம், குறைந்த உயரத்தைக் கூட்ட எதுவும் இல்லை. ஃப்ளாப் மின்மோட்டாரில் இயங்குவது என்றால், மின்சாரமே போன நாளில் அது கிடைக்காது. ஆகவே ஃப்ளாப் இல்லாமல் சைடுஸ்லிப்பில் இறங்கவும் பழகுங்கள்.

தரையை நெருங்கும்போது ஒரு வித்தியாசம் தெரியும். ப்ரொப்பெல்லர் காற்று வாலில் படாததால், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் மந்தமாக இருக்கும், மூக்கு வழக்கத்தைவிடத் தாழ்ந்திருக்கும். சறுக்கு வேகத்துக்கு மேல் ஐந்து நாட் கூடுதலாக வைத்துக்கொண்டு, மூக்கைத் தூக்குவதைக் கொஞ்சம் முன்பே, மெதுவாகத் தொடங்குங்கள். நின்ற ப்ரொப்பெல்லரின் இழுவை ஐடிலைவிடக் குறைவு என்றால் விமானம் எதிர்பார்த்ததைவிட நீளமாக மிதக்கும். அதற்குத்தான் ஓடுபாதையின் நீளம்.

ரோட்டரியும் சறுக்கலும் இயல்பாகவே சேர்ந்து வாழும் ஓர் இடம் உண்டு. ஜெர்மனியின் ஷ்லைக்கர் நிறுவனத்து ஏஎஸ்எச் 26இ என்ற 18 மீட்டர் இறக்கை கிளைடரில் 50 குதிரைத்திறன் வகை ஒற்றைச் சுழலி எஞ்சின் உடலுக்குள்ளேயே இருக்கிறது. ப்ரொப்பெல்லர் மட்டும் ஒரு கம்பத்தில் எழுந்து வரும். அதை ஓட்டுபவர்கள் எஞ்சினைக் கிளப்பும் முன்பே, கிளம்பாவிட்டால் இறங்க வயலைத் தேர்ந்துகொள்வார்கள். அவர்கள் கையில் 50:1 சறுக்கு விகிதம் இருக்கிறது. உங்கள் கையில் 9 சொச்சம்தான்.

கடைசியாக, பறப்பதற்கு முன் தரையில் ஒரு சோதனை. ஆல்டர்னேட்டரைத் துண்டித்துவிட்டு, பறப்பில் தேவைப்படும் பம்ப், ஈசியு, காயில்கள், ஒரு ரேடியோ மட்டும் ஓட எஞ்சினை 3,000 ஆர்பிஎம்மில் ஓடவிட்டு மின்னோட்டத்தைக் குறியுங்கள். பறக்கும் ஆர்பிஎம்மில் காயில்களும் இன்ஜெக்டர்களும் இன்னும் கொஞ்சம் எடுக்கும் என்பதால் அதோடு சிறிது கூட்டிக்கொள்ளுங்கள். 15 ஆம்பியர் வந்தால், 17 ஆம்பியர் மணி பேட்டரியில் நம்பத்தக்கது 12 என்று வைத்து, 48 நிமிடம். அதை அரை மணி என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த அரை மணி முடிந்தபின் அதே பேட்டரியால் ஸ்டார்ட்டரைச் சுற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் எஞ்சினுக்கு ஒரு பேட்டரி, மற்றவற்றுக்கு ஒரு பேட்டரி என்று பிரித்து, எஞ்சின் பேட்டரி வேறு எதற்கும் வடியாதபடி டயோடு வைத்துக் கட்டுங்கள்.